பரிசாரியார் எழுதாத பற்றுச்சீட்டு

1938 ஐப்பசி 9

எங்கள் நெல் ஆலையில் கை முறிந்த சாமித்தம்பி, நட்டஈட்டோடு வைத்தியச் செலவும் கேட்டிருக்கிறான். முதலாளி பற்றுச்சீட்டு வேண்டுமென்றார். காலையில் வெல்லாவெளிக்குப் போய், அவனுக்குக் கட்டுப்போட்ட நாட்டு வைத்தியரான பரிசாரியாரிடம் கேட்டேன்.

"வெத்திலைக்குள்ள வெச்சுத் தாறத நான் எண்ணிப் பாக்கிறல்ல தம்பி. மருந்துக்கு விலை எழுதினா மறுகா அது பலியாது."

சாமித்தம்பி பசுவை விற்ற காசுதான் அந்த வெற்றிலைக்குள் போனது. திரும்பி வந்து முதலாளியிடம் சொன்னேன்.

"அப்ப செலவில்லையெண்டு எழுதும் கிளாக்கர்."

எழுதினேன். எழுத்து வழக்கம்போல் அழகாகவே வந்தது.

வாசிக்கத் தெரியாத சாமித்தம்பி அதன்கீழ் பெருவிரல் அடையாளம் வைத்தான். "காசு எப்ப வரும் ஐயா?" என்று கேட்டான்.

நான் அவன் விரலில் இருந்த மையைத் துடைத்துவிட்டேன்.