டைட்டில் ஓடும்போது ஒரு மாணவன்

சேசு மரி சூசை துணை

ராயபுரம்
11-6-1973

அன்புள்ள டோரதிக்கு,

பாஸ்கல் எழுதிக்கொண்டது. நான் நலம். நீயும், வயிற்றில் இருக்கிற பிள்ளையும், அத்தையும் நலமா? நீ தூத்துக்குடிக்கு வண்டி ஏறின நாளிலிருந்து வீடு வீடாக இல்லை. நான் வடிக்கிற சோறு ஒரு நாள் குழைகிறது, மறுநாள் அரிசியாகவே இருக்கிறது. பக்கத்து வீட்டு ரஹீமுன்னிசா அக்கா புண்ணியத்தில் குழம்புக்குக் கவலை இல்லை. பேச்சுக்குத்தான் ஆள் இல்லை.

ஒரு செய்தி. சிரிக்காமல் படி. உன் புருஷன் நேற்று ஒரு நாள் காலேஜில் படித்துவிட்டு வந்தான்.

சனிக்கிழமை மத்தியானம் துறைமுகத்தில் ஷெட்டு வாசலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். சினிமாவுக்கு ஆள் சேர்த்துவிடுகிற அமீர் பாய் வந்தார். "முப்பத்தஞ்சு வயசு தோதுல நாலு பேரு வேணும்பா. சொந்தமா பேன்ட்டு இருக்கணும். காலேஜ் படம். டைட்டிலுக்கு எடுக்கிறாங்கோ" என்றார். நம் கமாலுதீன் விடுவானா? "இன்னா பாய், காலேஜ் படத்துக்குக் கெய்வனுங்களை இட்டுகினு போறே? வாத்தியாரு வேஷமா?" என்று கேட்டான். "வாத்தியாரு இல்லடா, ஸ்டூடண்ட்டு" என்றார் பாய். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். ஷெட்டில் பேன்ட் வைத்திருக்கிறவன் நான் ஒருத்தன்தானே. நம் கல்யாணத்துக்குத் தைத்ததை டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்து, மூச்சை இழுத்துப் பிடித்துப் பொத்தானைப் போட்டேன். நாள் முழுக்க அந்த மூச்சை வெளியே விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை பார்த்துவிட்டுப் போனேன். காலேஜ் எது தெரியுமா? கடற்கரைச் சாலையில் பூட்டிக் கிடக்கிற பழைய சரக்குக் கிட்டங்கி. வாசலில் 'கலைக் கல்லூரி' என்று ஒரு பலகையை மாட்டி, இரண்டு பூந்தொட்டி வைத்துவிட்டார்கள். நாலு பேர் சைக்கிளில் சுற்றிச் சுற்றி வந்தார்கள். என்னை ஒரு மரத்தடியில் ஏதோ ஒரு புத்தகத்தைக் கையில் கொடுத்து நிற்கவைத்தார்கள். அவ்வளவுதான் என் படிப்பு.

நீ எழும்பூரில் ரயில் ஜன்னல் வழியாகக் கேட்ட காரியத்துக்கு வருகிறேன். எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சையைத் தனியாக எழுதி முடித்தால் சரக்குக் கணக்கு எழுதுகிற டாலி கிளார்க் ஆகலாம், அடுத்த வருஷத்தோடு வயது தாண்டிவிடும் என்பதெல்லாம் எனக்கும் தெரியும். இனிமேல் என் மண்டையில் கணக்கு ஏறாது, டோரதி. இத்தோடு அதை விட்டுவிடு. ராத்திரியில் பால் குடி. அத்தையிடம் என் வணக்கத்தைச் சொல்.

உன் அன்புள்ள
பாஸ்கல்


சேசு மரி சூசை துணை

தூத்துக்குடி
20-6-1973

அன்புள்ள அத்தானுக்கு,

டோரதி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். சிரிக்காமல் படிக்கச் சொன்னீர்கள். சிரித்ததில் பிள்ளை உள்ளே இருந்து உதைத்துவிட்டது. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "ஏட்டி, மருமவன் காலேசுக்குப் போறாவளா? சம்பளம் யாரு கெட்டுதா?" என்று கேட்டாள். எத்தனை முறை விளக்கியும் இன்னும் நீங்கள் படிக்கப் போயிருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கிறாள். அப்படியே இருக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

காலேஜ் படம் பற்றி என்னிடம் கேட்டிருக்க வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் நானும் தங்கையும் ஒன்று விடாமல் பார்த்திருக்கிறோம். டைட்டிலைப் பார்த்தாலே முழுக் கதையும் தெரிந்துவிடும். முதலில் பெண்பிள்ளைகள் வரிசையாக சைக்கிளில் வருவார்கள். ஒருத்திக்கும் வியர்க்காது. நடிகர்கள் பெயர் வரும்போது எல்லோரும் சிரிப்பார்கள், எதற்குச் சிரிக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. பாட்டு எழுதினவர் பெயர் வரும்போது ஒரு குண்டுப் பையன் வாழைப்பழத்தோலில் வழுக்கி விழுவான். நடுநடுவே படம் அசையாமல் நின்றுவிடும், அதன்மேல் பெயரை ஒட்டுவார்கள். கதாநாயகன் மட்டும் வரவே மாட்டார். டைரக்டர் பெயர் வந்து போனபிறகு மோட்டார் சைக்கிளில் வந்து, யார் மேலாவது இடித்து, அவள் புத்தகத்தையெல்லாம் கீழே தள்ளுவார். வகுப்பறைக்குள் போனால் வாத்தியாரைக் கிண்டல் செய்ய மட்டும்தான் போவார்கள். கடைசியில் எல்லோரும் முதல் வகுப்பில் பாஸ்.

நீங்கள் மரத்தடியில் புத்தகத்தோடு நின்றதைப் படித்ததும் எனக்குச் சிரிப்போடு கோபமும் வந்தது. யாரோ ஒரு அமீர் பாய் சொன்னால் புத்தகத்தைத் தூக்குவீர்கள், பெண்டாட்டி சொன்னால் மண்டையில் ஏறாது. கிளார்க் வேலையின் கௌரவத்துக்காக நான் கேட்கவில்லை, அத்தான். மார்கழியில் கப்பலுக்குள் காகித உருளை உருண்டு லோகநாதன் அண்ணன் காலை நசுக்கியதே, அன்று அவர் பக்கத்தில் நின்றது நீங்கள். அன்றிலிருந்து சாயங்காலம் நீங்கள் வாசலில் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்கிற வரைக்கும் எனக்கு உயிர் உயிராக இல்லை. நீங்கள் அந்தக் கப்பல் வயிற்றிலிருந்து மேலே வந்து, கரையில் நின்று கணக்கு எழுத வேண்டும். என் ஆசை அவ்வளவுதான். யோசித்து எழுதுங்கள்.

தங்கள் அன்பு மனைவி
டோரதி


சேசு மரி சூசை துணை

ராயபுரம்
1-7-1973

அன்புள்ள டோரதிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. டைட்டில் பற்றி நீ எழுதியதை ஷெட்டில் படித்துக் காட்டினேன், லோகநாதனைப் பற்றி எழுதியதை மட்டும் விட்டுவிட்டு. அவன் இப்போது கோலை ஊன்றி நடக்கிறான். கேட்டில் உட்கார்கிற வேலை கொடுத்திருக்கிறார்கள். நன்றாக இருக்கிறான், கவலைப்படாதே.

நீ எழுதாத ஒன்றை நான் சொல்கிறேன். நடுவில் டீ கொடுத்தபோது, கண்ணாடி போட்ட உதவி டைரக்டர் ஒருவரிடம், எங்களை எதற்கு மாணவர்களாக எடுத்தீர்கள் என்று கேட்டேன். அவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "ஹீரோவுக்கு நாப்பத்தி ரெண்டாகுது சார். பக்கத்துல நெஜ காலேஜ் பசங்களை நிறுத்தினா அவரு அப்பா மாதிரி தெரிவாரு. உங்களை நிறுத்தினாத்தான் அவரு பையன்" என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. காதோர நரைக்கும் ஒரு உபயோகம் இருக்கிறதே என்றுதான் நினைத்தேன். ஆனால் முப்பத்து மூன்று வயதில் இருக்கிற என்னை அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார்களே என்று வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்துக்கொண்டேன். உப்புக்காற்றும் வெயிலும் சும்மா விடுமா?

உன்னிடம் சொல்லாத ஒன்றும் இருக்கிறது. போன வருஷம், நீ முதல் தடவை கேட்டபோதே, நான் டுடோரியலுக்குப் போனேன். சைக்கிள் கடைக்கு மேலே மாடியில் நடக்கிறதே, அங்கேதான். பாதிப் படி ஏறியிருப்பேன். மேலேயிருந்து இறங்கி வந்த ஒரு பையன் மரியாதையாக ஒதுங்கி நின்று, "இன்னா நைனா, பையனை சேக்க வந்தியா? சார் மேலதான் கீறாரு, போ" என்றான். நல்ல பையன்தான். "ஆமாம்பா" என்று சொல்லிவிட்டு, அவன் தலை மறைந்ததும் இறங்கி வந்துவிட்டேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது, டோரதி. கப்பலுக்குள் இறங்க எனக்குப் பயம் இல்லை. அந்தப் படியில் ஏறத்தான் பயம். சினிமாவில் நாற்பது வயதுக்காரனைக் காலேஜில் சேர்த்துக்கொள்கிறார்கள், சினிமாவுக்கு வெளியே சேர்ப்பதில்லை.

என்னைக் கோழை என்று நினைத்துக்கொள், பரவாயில்லை. உன் உடம்பைப் பார்த்துக்கொள். மாதம் நெருங்குகிறது. ஒரு தந்தி போதும், ஓடி வருகிறேன்.

உன் அன்புள்ள
பாஸ்கல்


சேசு மரி சூசை துணை

தூத்துக்குடி
17-9-1973

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்கள் ஞானஸ்நானத்துக்கு வந்து திரும்பிய அன்றிலிருந்து உங்கள் மகள் ரோசி வாசல் பக்கமே பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறாள். பிறந்து ஒரு மாதம்கூட முழுசாக ஆகவில்லை, அதற்குள் அப்பாவைத் தேடுகிறாள் என்று நான் சொன்னால், "வெளிச்சத்தைப் பாக்கா, நீ கதை கெட்டாத" என்கிறாள் அம்மா. மூக்கு உங்கள் மூக்கு. அழுகை என் அழுகை.

வந்திருந்தபோது நீங்களும் படிப்பைப் பற்றிப் பேசவில்லை, நானும் பேசவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்தபிறகு எனக்கு வாய் வரவில்லை. நீங்கள் கோழை இல்லை. அந்தப் பையன்மேல்தான் எனக்குக் கோபம், அவனை எனக்குத் தெரியாது என்றாலும்.

மற்றபடி நலம். கிறிஸ்துமசுக்கு நாங்கள் அங்கே இருப்போம். வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்து வையுங்கள்.

தங்கள் அன்பு மனைவி
டோரதி


சேசு மரி சூசை துணை

தூத்துக்குடி
5-11-1973

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் படம் தீபாவளிக்கு இங்கேயும் வந்துவிட்டது. நேற்று மத்தியானக் காட்சிக்கு அம்மா, தங்கை, ரோசி, நான் நாலு பேரும் போனோம். டைட்டில் ஓடும்போதுதான் இந்த ஊர் ஜனங்களுக்குத் தங்கள் இடம் எது என்ற நினைப்பே வரும். ஒருவர் போனால் ஒருவர் திரைக்குக் குறுக்கே வந்து நிற்கிறார்கள். "உக்காருங்க, உக்காருங்க, அவுங்க வருவாங்க" என்று நான் கத்தினேன். யார் வருவார்கள் என்று பக்கத்தில் இருந்த பெண் கேட்டாள். "எங்க வீட்டுக்காரர்" என்றேன். கதாநாயகரின் மனைவி என்று நினைத்தாளோ என்னவோ, நகர்ந்து இடம் விட்டாள்.

நான் சொன்னபடியே எல்லாம் வந்தது. சைக்கிள் பெண்கள், சிரிப்பு, வழுக்கி விழுகிற குண்டுப் பையன். உங்கள் கிட்டங்கி நிஜமான காலேஜாகவே இருந்தது. பிறகு அந்த மரம் வந்தது. படம் அசையாமல் நின்று, ஒப்பனை செய்தவரின் பெயர் உங்கள் சட்டைமேல் விழுந்தது. நல்லவேளை, முகத்தை மறைக்கவில்லை.

அத்தான், அந்தப் படத்தில் உங்களோடு ஆறேழு பேர் நிற்கிறார்கள். எல்லோரும் கேமராவைப் பார்த்துப் பல்லைக் காட்டுகிறார்கள். நீங்கள் மட்டும் குனிந்திருக்கிறீர்கள். விரலை வரியின்மேல் வைத்திருக்கிறீர்கள், உதடு லேசாகத் திறந்திருக்கிறது. செய்தித்தாள் படிக்கும்போது அப்படித்தான் உங்கள் உதடு அசையும். நீங்கள் நடிக்கவில்லை. அத்தனை ஆட்களும் வெளிச்சமும் சத்தமும் இருக்கிற இடத்தில் நின்றுகொண்டு நிஜமாகவே படித்துக்கொண்டிருந்தீர்கள். தியேட்டரில் வேறு யாருக்கும் அது தெரியவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. கதை ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே இந்தப் பொம்பளை எதற்கு அழுகிறாள் என்று பக்கத்துப் பெண் பயந்துவிட்டாள்.

மண்டையில் ஏறாது என்று எழுதினீர்களே, பொய்தானே? படிக்க ஆசை இருக்கிற மனுஷர் நீங்கள். இனி நான் கேட்க மாட்டேன். கேட்டுக் கேட்டு உங்களை அந்தப் படியில் ஏற்றினால் அது என் படிப்பாகத்தான் இருக்கும். நீங்கள் கப்பலுக்குள்ளேயே வேலை செய்தாலும் சரி, செருப்புச் சத்தம் கேட்கிற வரை நான் ஜெபம் சொல்லிக்கொண்டிருப்பேன். ஒன்றே ஒன்று மட்டும் தெரிய வேண்டும். அது என்ன புத்தகம்?

தங்கள் அன்பு மனைவி
டோரதி


சேசு மரி சூசை துணை

ராயபுரம்
14-11-1973

அன்புள்ள டோரதிக்கு,

உன் கடிதத்தை இந்த ஒரு வாரமாகச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். மழையில் நனைந்து மை கலைந்துவிட்டது. ஆனாலும் எனக்கு மனப்பாடம்.

அது ஒரு பூகோளப் புத்தகம். மூர் மார்க்கெட்டில் எடைக்கு வாங்கிவந்த குவியலிலிருந்து ஒன்றை என் கையில் திணித்தார்கள். பிரித்த இடத்தில் கனடா தேசம் இருந்தது. மாண்ட்ரீல் என்று ஒரு துறைமுகம். நாங்கள் கப்பலுக்குள் உருட்டுகிற காகித உருளை ஒவ்வொன்றின் மேலும் அந்தப் பெயர்தான் அச்சடித்திருக்கும். லோகநாதன் காலை நசுக்கிய உருளையிலும் அதுதான். இத்தனை வருஷமாக அது கம்பெனி பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது ஒரு ஊராம், டோரதி. குளிர்காலத்தில் அங்கே ஆறு கல்லாக உறைந்துபோய், மாதக்கணக்கில் ஒரு கப்பலும் வராமல் துறைமுகம் மூடிக் கிடக்குமாம். அதைப் படித்ததும் எனக்குச் சைக்கிளும் தெரியவில்லை, கேமராவும் தெரியவில்லை. அந்த மாதங்களில் அங்கே நம்மைப் போல மூட்டை தூக்குகிறவர்கள் என்ன செய்வார்கள், அடுப்பு எப்படி எரியும் என்று தேடிக்கொண்டே போனேன். பக்கத்தைத் திருப்பப் போகும்போது 'கட்' என்று கத்திவிட்டார்கள். புத்தகத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

இந்த ஐந்து மாதமாக அந்தப் பக்கம் என்னைத் தூங்கவிடவில்லை. திங்கட்கிழமை சாயங்காலம் சைக்கிள் கடை மாடிக்கு ஏறினேன். படியில் யாரும் இல்லை. வகுப்பில் இருந்தார்கள். எல்லோரும் படம் பார்த்தவர்கள். ஒருத்தன் எழுந்து, "டேய், மரத்தாண்ட நின்னுகினு இருந்தாரே, அவருடா!" என்று கத்தினான். பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். சிவந்தி என்ற பெண் தன் கணக்குப் புத்தகத்தைப் பாதி என் பக்கமாகத் தள்ளினாள். சார் என் பெயரை எழுதிக்கொண்டு, வயதைக் கேட்காமலே பாடத்தை ஆரம்பித்துவிட்டார். மார்ச்சில் பரீட்சை.

அல்ஜீப்ரா ஒன்றும் புரியவில்லை. நீ வந்து சொல்லிக்கொடு. சுண்ணாம்பு அடித்துவிட்டேன். அப்புறம், டுடோரியலில் பூகோள வகுப்பு வியாழக்கிழமைதானாம். சார் நேற்று வழியில் பார்த்தபோது இன்னும் இந்தியாவிலேயே இருக்கிறோம், கனடா வர நாளாகும் என்றார். நான் காத்திருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

உன் அன்புள்ள
பாஸ்கல்