மீனுக்கு யார் தீனி போட்டது?

மார்ச் 3

காலையில் ஆண் மீன் செத்துக் கிடந்தது. என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத குள்ள சிக்லிட் வகை. தொட்டியிலிருந்து ஒரு அழுகல் வாடை. இவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். “இலையை ஊறப் போட்டா நாறாம என்ன செய்யும்?” பாதாம் இலை ஊறி டீ நிறமான தண்ணீர்தான் இந்த மீன்களுக்கு உயிர், அது நாறாது. வேறு ஏதோ. பெண் மீன் தேங்காய் ஓட்டுக்குள் முட்டையிட்டிருக்கிறது. உடம்பெல்லாம் மஞ்சளாகி, கை வைத்தால் கையையே முட்ட வருகிறது. அதையாவது காப்பாற்ற வேண்டும்.

மார்ச் 4

போன வாரம் வாங்கிய தீனி டப்பா பாதி காலி. நான் காலையில் ஒரு சிட்டிகைதானே போடுகிறேன்?

மார்ச் 6

தலைவலி. நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் சொல்லிவிட்டு மத்தியானமே வந்துவிட்டேன். மாமா தொட்டி முன்னால் நின்று தீனி போட்டுக்கொண்டிருந்தார். பிறகு பேப்பர் படிக்கப் போனார். நான் முகம் கழுவி வருவதற்குள் மறுபடி தொட்டியருகே, கையில் டப்பா. “பாவம்மா, காலையிலேர்ந்து இதுக்கு யாருமே ஒண்ணும் போடல.”

அத்தனை வருடம் ரயில் ஓட்டிய மனிதர்.

மாலையில் இவரிடம் சொன்னேன்: போட்டதை மறந்து மறுபடி மறுபடி போடுகிறார், மிஞ்சிய தீனி அழுகித்தான் மீன் செத்திருக்கிறது. “ஒரு மீன் செத்ததுக்கு எங்கப்பாவுக்கு மறதி நோய்னு கதை கட்டுறியா?” — நோய் என்று நான் சொல்லவே இல்லையே. அப்படியானால் இவர் மனதிலும் அது ஓடுகிறதா?

மார்ச் 7

டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். தப்பு. வேலை முடிந்து வந்தால், தண்ணீர் கலங்கி, பிஸ்கட் தூள் மிதக்கிறது. பெண் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. கத்திவிட்டேன். “என்ன மாமா பண்ணி வச்சிருக்கீங்க! கொன்னே போட்டுட்டீங்க!”

“டப்பாவ ஒளிச்சு வச்சது யாரு? நான் என்ன திருடனா?”

வாளியில் ஊறிய இலைத் தண்ணீரை ஊற்றி, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினேன். மாமா பின்னால் வந்து நின்றார். “நானா போட்டேன்?”

வாளியைக் கீழே வைத்துவிட்டுத் தலையாட்டினேன்.

“எனக்கே தெரியுதும்மா. மண்டைக்குள்ள ஏதோ கழண்டுக்கிட்டு வருது. அவன்கிட்ட சொல்லிடாத. தாங்க மாட்டான்.”

கொன்னே போட்டுட்டீங்க — அந்தச் சொல்லை எப்படித் திரும்ப எடுப்பது?

மார்ச் 8

பெண் மீன் பிழைத்துவிட்டது. மாமா சொன்னதை இவரிடம் சொல்லவில்லை.

மார்ச் 10

தெருமுனைக் கடைக்குப் போன மாமா, வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றாராம். எதிர்க்கடைத் தையல்காரர் கூட்டிவந்து விட்டார். இனி மறைக்க முடியாது. “நீங்களே சொல்லிடுங்க மாமா. நான் பக்கத்துல இருக்கேன்.”

சாப்பிடும்போது சொன்னார். இவர் தட்டைத் தள்ளிவிட்டு என்னை முறைத்தார். “இவ சொல்லிக் குடுத்தாளா?”

“இல்லடா. வாயைத் திறக்காதன்னு இவகிட்ட கெஞ்சினதே நான்தான்.”

இவர் எழுந்து போகவில்லை. அப்பாவின் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 14

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது மாமா தொட்டியருகே குனிந்தார். “இங்க வாம்மா, இலைக்கு அடியில தூசி நீந்துது பாரு.” குஞ்சுகள்! எனக்கு முன்னால் அவர் கண்ணில் பட்டுவிட்டன. தாய் மீன் முன்னால் போக, பின்னாலேயே ஒரு கூட்டம். இவரும் செருப்போடு ஓடிவந்து பார்த்தார்.

டாக்டர் அறை வாசலில் மாமா கேட்டார்: “யாருக்குடா உடம்பு சரியில்ல?”

“உங்களைக் காட்டத்தான்ப்பா வந்திருக்கோம்.”

கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அதே கேள்வி. இவர் என்னைப் பார்த்தார். பிறகு அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, முதல் தடவை கேட்டது போலவே பதில் சொன்னார்.