சேர்க்கப்படாத ஆண்டு

மார்ச் 3, செவ்வாய்

எங்கள் ஆய்விதழுக்கு இந்த ஆண்டு நாற்பது வயது. மேய்ச்சல் நிலம், தீவனப் புல், அதைத் தின்னும் மாடு, ஆடு. இவற்றைத் தவிர வேறு எதைப் பற்றியும் ஒரு வரிகூட அச்சிட்டதில்லை. இதழாசிரியர் காலையில் அறைக்குக் கூப்பிட்டார். சிறப்பிதழுக்குக் கட்டுரை வேண்டுமாம். நாற்பது ஆண்டில் எதை எழுதினோம், எது ஏறியது, எது இறங்கியது, யாரை யார் மேற்கோள் காட்டினார்கள் என்று எல்லாவற்றையும் எண்ணித் தர வேண்டும். துணையாசிரியர் என்ற பெயரில் பன்னிரண்டு வருடமாகக் காற்புள்ளி திருத்திக்கொண்டிருக்கிறேன். எண்ணச் சொன்னால் எனக்குச் சாப்பாடே வேண்டாம். பல்லைக் காட்டாமல் “பார்க்கிறேன் சார்” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

மார்ச் 9, திங்கள்

ஆயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம் தலைப்புகள். முதல் பத்தாண்டு முழுக்க உரம், விளைச்சல், உரம், விளைச்சல். பிறகு மண். பிறகு ‘நீடித்த’ என்ற சொல் வந்து எல்லாத் தலைப்பின் முன்னாலும் உட்கார்ந்துகொண்டது. இப்போது கரிமம், செயற்கைக்கோள், கணினிக் கணிப்பு. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு நிறம் கொடுத்துக் கோடு போட்டேன். கண் எரிகிறது, ஆனால் எழுந்திருக்க மனம் வரவில்லை.

மார்ச் 12, வியாழன்

‘பசு’ என்ற சொல் தலைப்புகளில் தேய்ந்துகொண்டே வருகிறது. இதே வேகத்தில் போனால் இன்னும் பதினோரு ஆண்டில் மாடே இல்லாத மேய்ச்சல் இதழ் நடத்துவோம்.

மார்ச் 19, வியாழன்

ஒன்று உறுத்துகிறது. ஆண்டுக்கு நாற்பது கட்டுரை என்று சீராகப் போகிற கணக்கு, நான்கு இடங்களில் மட்டும் பாதியாக விழுகிறது. அடுத்த ஆண்டே பழையபடி எழுந்துவிடுகிறது. இதழாசிரியர் மாறிய ஆண்டா? இல்லை. அச்சகத் தகராறா? அது நடந்தது வேறு ஆண்டில். நிதி வெட்டா? அதற்கும் பொருந்தவில்லை. இதழாசிரியரிடம் கேட்டேன். “அதெல்லாம் தற்செயல், அழகான கோடுகளை மட்டும் போடுங்க” என்றார். தற்செயல் நான்கு முறை நடக்குமா?

மார்ச் 22, ஞாயிறு

என் வீட்டுக்காரர் பேருந்துப் பணிமனையில் கால அட்டவணை போடுகிறவர். புல் என்றாலே கொட்டாவி விடுவார். இன்று வரைபடத்தைச் சாப்பாட்டு மேஜையில் பரப்பியிருந்தேன். தட்டு வைக்க இடமில்லாததால் வேறு வழியில்லாமல் பார்த்தார்.

“பஸ் வரலைன்னா ஸ்டாப்ல நின்னு தேடக் கூடாது. டெப்போவுல எப்ப கிளம்பியிருக்கணும்னு பாரு.”

சொல்லிவிட்டுத் தட்டை என் மூன்றாம் பத்தாண்டின் மேல் வைத்துச் சாப்பிட ஆரம்பித்துவிட்டார். நான் வரைபடத்தைத் தட்டுக்கு அடியிலிருந்து உருவினேன். கட்டுரை அச்சான ஆண்டையே பார்த்துக்கொண்டிருக்கிறேனே! வயலில் வேலை நடந்தது அதற்கு மூன்று வருடம் முன்னால் அல்லவா?

மார்ச் 24, செவ்வாய்

ஆய்வு நிலையத்தில் மழைமானி பார்க்கிறவரிடம் போனேன். தினமும் காலை எட்டு மணிக்குக் குழாயைத் தூக்கிப் பார்த்து மழை அளவை எழுதுவதுதான் அவர் வேலை. அவருக்கு முன்னால் இருந்தவர்கள் எழுதியதும் அவரிடமே இருக்கிறது. நாற்பது வருடப் பதிவும் வேண்டும் என்றதும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். இதுவரை யாரும் கேட்டதில்லையாம்.

வரைபடத்தில் கோடு விழுந்த நான்கு பள்ளத்திலும் மூன்று மூன்று வருடம் கழித்தேன். நான்கும் மழை பொய்த்த ஆண்டுகள். ஒன்றுகூடத் தப்பவில்லை. அங்கேயே அவருடைய முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். மழை வராத ஆண்டில் எங்களுக்குக் கட்டுரையும் முளைப்பதில்லை!

ஏப்ரல் 6, திங்கள்

மழை பொய்த்த ஆண்டை ஒட்டி நடந்த மூன்றாண்டுச் சோதனைகள் அறுபத்தொன்று. ஒவ்வொன்றிலும் ‘முறைகள்’ பகுதியை வரி வரியாகப் படித்தேன். முப்பத்தெட்டில் அந்த ஆண்டு மட்டும் இல்லை. “அவ்வாண்டு இயல்புக்கு மாறானது, எனவே சேர்க்கப்படவில்லை” என்று சிலர் சொல்லியிருக்கிறார்கள். பலர் அதையும் சொல்லாமல் தாண்டிப் போயிருக்கிறார்கள். அதாவது எங்கள் இதழை மட்டும் படிக்கிற ஒருவருக்கு, இந்த உலகத்தில் வறட்சி என்று ஒன்று வந்ததே தெரியாது.

சிலருக்குப் போன் செய்தேன். ஓய்வு பெற்ற ஒருவர் சிரித்தார். “புல்லே காஞ்சு போச்சு, எதைம்மா எழுதச் சொல்றே?” இன்னொருவர் சிரிக்கவில்லை. எழுதி அனுப்பினாராம். முடிவு என்று எதுவும் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். திருப்பி அனுப்பியது யார் என்று கேட்டேன். நாங்கள்தான்.

ஏப்ரல் 17, வெள்ளி

எழுதுவதா வேண்டாமா என்று மேஜையைச் சுற்றிச் சுற்றி வந்தேன். எழுதிவிடுகிறேன்.

அந்த முப்பத்தெட்டில் ஒன்று என்னுடையது.

எங்கள் இதழிலேயே அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை அது. இருநூற்று எண்பத்தேழு முறை. ‘நான்காம் எண் புல்’ என்ற புது ரகம் பழைய மலைப்புல்லைவிட இரண்டு மடங்கு விளைகிறது என்று மூன்றாண்டுச் சோதனையில் காட்டியது. அதற்குப் பிறகுதான் எனக்கு இந்த நாற்காலி கிடைத்தது. மேற்கோளை வைத்து இதழுக்குத் தருகிற தாக்க எண் நிமிர்ந்து நிற்பதே அதனால்தான் என்று இதழாசிரியர் மேடையில் சொல்வார். நானும் தலையைக் குனிந்துகொண்டு கேட்பேன். குனிவது பணிவு என்று எல்லாரும் நினைத்துக்கொள்வார்கள். உள்ளே பூரித்துப் போயிருப்பேன்.

அது அடுத்தடுத்த மூன்று ஆண்டு இல்லை. ஒன்று, இரண்டு, நான்கு. மூன்றாம் ஆண்டு மழை பொய்த்தது. கையெழுத்துப் படியில் அதை ஒரு வரியாக எழுதியிருந்தேன். ‘இடமில்லை’ என்று அந்த வரியை இதழாசிரியர் அடித்தார். அப்போதும் இவர்தான். அடித்ததைப் பார்த்து நான் ஒரு வார்த்தை பேசவில்லை. கட்டுரை வருகிறதே என்ற சந்தோஷம். எப்படி மறந்தேன்? மறந்தேனா, மறக்க வசதியாக இருந்ததா?

ஏப்ரல் 21, செவ்வாய்

இரும்பு அலமாரியின் அடித்தட்டில் கள நோட்டு கிடைத்தது. மூன்றாம் ஆண்டு, ஐந்தாம் மாதம் வரை எண்கள் இருக்கின்றன. பிறகு என் கையெழுத்தில் ஒரு வரி: “எண்ண ஒன்றுமில்லை.” அதன் பின் பதினான்கு பக்கம் வெற்றுத்தாள். மழை வந்த வாரத்தில் ஒரே சொல்: “மறுநடவு.”

இப்போது நினைவுக்கு வருகிறது. லாரியில் நாற்று வந்து இறங்கிவிட்டது. வாடிப் போகுமே என்று இரண்டே நாளில் நான்காம் எண் பாத்திகள் எல்லாவற்றையும் உழுது புதிதாக நட்டோம். பழைய வேரில் உயிர் இருந்ததா, திரும்பத் துளிர்த்திருக்குமா என்று ஒருவரும் பார்க்கவில்லை. மலைப்புல் பாத்தியை மட்டும் அப்படியே விட்டோம். அதற்கு யாரும் நாற்று வளர்க்கவில்லை.

ஆக, வறட்சியில் நான்காம் எண் செத்ததா பிழைத்ததா? எனக்குத் தெரியாது. இருநூற்று எண்பத்தேழு பேருக்கும் தெரியாது. பயத்தைவிட ஆவல்தான் அதிகமாக இருக்கிறது, வெட்கம்தான்.

மே 16, சனி

நாத்தனார் போன் செய்தாள். வீட்டுக்காரரின் தங்கை, இருபத்தாறு மாடு வைத்துத் தனியாளாகப் பண்ணை நடத்துகிறவள். கிணற்றடி நான்கு ஏக்கரில் என் பேச்சைக் கேட்டு நான்காம் எண் போட்டு, பால் ஏறிவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். இப்போது மேட்டுச் சரிவையும் உழப்போகிறாளாம். ஆறு ஏக்கர் மலைப்புல். தண்ணீர் வசதி கிடையாது, மழைதான். அவளுக்கு மிச்சமிருக்கிற பழைய மேய்ச்சல் அது ஒன்றுதான். இருபத்தேழாம் தேதிக்கு டிராக்டர் சொல்லியாகிவிட்டது.

“உங்க புல்லுதான் அண்ணி, எனக்கென்ன பயம்?”

நல்லது என்று சொல்லி வைத்துவிட்டேன். நல்லதா? என்ன நல்லது?

மே 19, செவ்வாய்

இன்றும் போன் செய்யவில்லை.

மே 21, வியாழன்

உழுதுவிட்டால் மலைப்புல் திரும்ப வராது. அது விதை போட்டு வருகிற புல் இல்லை. எத்தனையோ வருடமாக வேர் பின்னிக் கிடக்கிறது. வீட்டுக்காரரிடம் சொன்னேன். போனில் சொல்கிற விஷயம் இல்லை, நேரில் போகலாம் என்றார். ஞாயிற்றுக்கிழமைக்கு எந்தப் பேருந்து என்பதையும் சொல்லிவிட்டார்.

மே 24, ஞாயிறு

போய் வந்தோம். மாட்டுக்கொட்டகையில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். சேர்க்காத ஆண்டு, வெற்றுத்தாள், மறுநடவு. பால் குவளைகளை ஒவ்வொன்றாகக் கழுவியபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அப்ப காஞ்ச வருஷத்துல இந்தப் புல்லு நிக்குமா நிக்காதா?”

“தெரியலம்மா. நான் பார்க்கல.”

“நீங்க அந்த வருஷத்தை விட்டுட்டீங்க. என் மாடு அந்த வருஷமும் தின்னும்ல அண்ணி?”

கத்தியிருந்தால் தேவலை. சாதாரணமாகத்தான் கேட்டாள். கன்றுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள். வீட்டுக்காரர் என்னைப் பார்க்கவில்லை, கொட்டகைக் கூரையைப் பார்த்தார். எனக்கு அழுகை வந்தது. அழுதேன். ஒரு மாடு திரும்பிப் பார்த்தது.

சாப்பிடும்போது அவளே முடிவு சொன்னாள். மூன்று ஏக்கர் உழுது நான்காம் எண் போடுவது, மூன்று ஏக்கர் தொடாமல் விடுவது. சும்மா இல்லை. மழை வந்தாலும் வராவிட்டாலும் மாதம் ஒரு முறை நான் வந்து இரண்டு பக்கமும் எண்ண வேண்டும். “ஒரு மாசமும் விடக் கூடாது” என்றாள். ஒப்புக்கொண்டேன்.

ஜூன் 30, செவ்வாய்

சிறப்பிதழ்க் கட்டுரையைப் போன வாரம் கொடுத்தேன். பள்ளங்கள், மழைப்பதிவு, முப்பத்தெட்டு, என்னுடையது எல்லாம் சேர்த்து. கூடவே பழைய கட்டுரைக்கு ஒரு திருத்தக் குறிப்பும். இதழாசிரியர் இரண்டு நாள் வைத்திருந்தார். நம் இலையில் நாமே மண் போடுவதா என்று முதலில் கேட்டார். பிறகு, அந்த வரியை அடித்தது தான்தான் என்று அவராகவே சொன்னார். அவருக்கு அது நினைவிருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கட்டுரை முழுதாகப் போகிறது. திருத்தக் குறிப்பு கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில்.

புது டைரி. மறு ஆண்டு.

ஆகஸ்ட் 12, வியாழன்

இந்த ஆண்டு மழை வரவில்லை. மழைமானிக்காரர் வரிசையாகச் சுழி எழுதுகிறார். பதினைந்தாவது முறையாகச் சரிவுக்குப் போனேன். ஒரு மீட்டர் சதுரச் சட்டத்தைத் தரையில் போட்டு, முட்டி போட்டு, புல்லைத் தூர் தூராக எண்ணுகிறேன். பக்கத்துக்கு நூறாக அடையாளம் கட்டிய தூர்களில் நான்காம் எண் எல்லாமே வைக்கோல் நிறம். எண்ண ஒன்றுமில்லை என்று இந்த முறை எழுதவில்லை. ‘பச்சை: சுழி’ என்று எழுதினேன். மலைப்புல்லும் பார்க்கச் சகிக்கவில்லை, ஆனால் மாடுகள் நாள் முழுக்க அதில் எதையோ பிடுங்கித் தின்றுகொண்டுதான் இருக்கின்றன.

செப்டம்பர் 9, வியாழன்

பச்சை: சுழி. நாத்தனார் கிணற்றடிப் புல்லைக் கறவை மாடுகளுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதை எல்லாம் சரிவுக்கு ஓட்டுகிறாள். கிணறும் இறங்கிக்கொண்டிருக்கிறது. முழுச் சரிவையும் உழுதிருந்தால் என்ற பேச்சை நாங்கள் இருவருமே எடுக்கவில்லை.

நவம்பர் 14, ஞாயிறு

மழை பெய்து ஐந்து வாரம். இதற்குத்தான் காத்திருந்தேன். விடியும் முன்பே எழுந்து உட்கார்ந்திருந்தேன், பரீட்சை முடிவு பார்க்கப் போகிறவள் மாதிரி.

மலைப்புல்: நூறில் எண்பத்து நான்கு துளிர்த்தது. நான்காம் எண்: நூறில் பதினொன்று.

பதினொன்று! ஒன்றுகூட இருக்காது என்றல்லவா நினைத்தேன். பதினொன்றும் ஏன் பிழைத்தன? எல்லாமே வரப்பை ஒட்டி, கல் கிடக்கிற இடத்தில். அன்று லாரியைப் பார்த்து அவசரப்படாமல் ஐந்து வாரம் காத்திருந்தால், பதினேழு வருடம் முன்பே இது தெரிந்திருக்கும். நாத்தனார் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நான் எண்ணியதைத் திரும்ப ஒரு முறை எண்ணினாள். சரியாகத்தான் வந்தது. இருபத்தாறு மாடும் இருக்கின்றன. இளைத்திருக்கின்றன, ஆனால் இருக்கின்றன.

அடுத்த ஆண்டு. ஏப்ரல் 11, செவ்வாய்

கட்டுரையை எங்கள் இதழுக்கு அனுப்பவில்லை, துணையாசிரியரே எழுதினால் முறையாகாது. வேறோர் இதழுக்கு அனுப்பினேன். பெரிய இதழ். அங்கே எழுதியவர் யார் என்று மதிப்பாய்வாளருக்குத் தெரியாது, அவர் யார் என்று நமக்கும் தெரியாது.

இன்று மதிப்புரை வந்தது. முறை நேர்த்தியாக இருக்கிறதாம். மாதம் தவறாமல் எண்ணியிருப்பது பாராட்டுக்குரியதாம். ஒரே ஒரு குறை. இரண்டாம் ஆண்டு இயல்புக்கு மாறானது. அதை நீக்கிவிட்டு, இயல்பான ஓர் ஆண்டின் விவரத்தைச் சேர்த்தால் கட்டுரை வலுப்பெறும். எப்படிச் செய்வது என்பதற்கு முன்மாதிரியாக, நான்காம் எண் புல்லைப் பற்றிய ஒரு புகழ்பெற்ற கட்டுரையைக் கட்டாயம் படித்து மேற்கோள் காட்டச் சொல்லியிருக்கிறார்.

என் கட்டுரை.

போய்ப் பார்த்தேன். முந்நூற்றுப் பதினான்கு மேற்கோள் ஆகியிருக்கிறது. திருத்தக் குறிப்புக்கு ஒன்றுகூட இல்லை.

வெகுநேரம் சிரித்தேன். வீட்டுக்காரர் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். பிறகு பதில் எழுத உட்கார்ந்தேன். பெயரைக் காட்டிக்கொள்ளக் கூடாது என்பது அந்த இதழின் விதி. முதல் வரியிலேயே மீறியாகிவிட்டது: “தாங்கள் குறிப்பிடும் கட்டுரையை எழுதியவள் நான். அதை நம்ப வேண்டாம்.”