ஒரு மேசைக்கு மட்டும் பழைய பதிப்பு

மார்ச் 4, திங்கள்

இன்றும் காலை முழுக்க மேசை மேசையாக அலைச்சல். எங்கள் ஆர்டர் புரோகிராம் அப்படி. தகவலெல்லாம் சர்வரில் ஒரே இடத்தில். அதைத் திறந்து வேலை செய்யும் திரைகள் மட்டும் ஒவ்வொருவர் கம்ப்யூட்டரிலும் ஒரு காப்பி. ஒரு பொத்தானை மாற்றினாலும் ஒவ்வொருவரையும் எழுப்பிவிட்டு, பழையதை அழித்து, புதியதைப் போட வேண்டும். "சாப்பிட்டு வந்து மூடறேன்." "ஒரு நிமிஷம் இருப்பா." பம்பு உதிரிப் பாகம் விற்கிற கம்பெனியில் எனக்குப் பெயர் கம்ப்யூட்டர்காரன். பார்ப்பது பிச்சைக்காரன் வேலை.

மார்ச் 13

முடித்துவிட்டேன். ஒரு சின்ன லாஞ்சர். காலையில் யார் புரோகிராமைத் திறந்தாலும், அது முதலில் சர்வரில் புதிய பதிப்பு இருக்கிறதா என்று பார்த்துத் தானே இறக்கிக்கொள்ளும். நான் நாற்காலியை விட்டு எழவே வேண்டாம். "என்ன, தனியா சிரிச்சுக்கறீங்க?" என்றாள் மனைவி.

மார்ச் 15

மீட்டிங்கில் லாஞ்சரை விளக்கச் சொன்னார் மேனேஜர். பாதியிலேயே ஆர்டர் மேடம் குறுக்கிட்டார். "இவ்வளவு நாளா இவன் கையால காப்பி பண்ணான். இப்ப மெஷினே காப்பி பண்ணிக்குது. அப்ப இனிமே தம்பி எதுக்கு?"

அறையே சிரித்தது. மேனேஜருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

மேடம் நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே இங்கே ஆர்டர் பதிகிறவர். ஓர் ஆர்டரைக்கூடத் தவறவிட்டதில்லை என்று பெயர். வேடிக்கைக்குத்தான் சொன்னார், தெரியும். ஆனால் கிளம்பும்போது மேனேஜர் கேட்டார்: "அவங்க கேட்டதும் நியாயம்தானேப்பா?"

மார்ச் 25

புதிய பதிப்பு போனது. இதுவரை ஆர்டரைச் சேமித்தாலே சரக்கு எடுத்தனுப்பும் ஸ்டோருக்குப் போய்விடும். இனி திரையின் கீழே 'உறுதி' என்ற கட்டத்தில் டிக் அடித்தால்தான் போகும்; எந்தப் பதிப்பில் பதிந்தாலும் டிக் இல்லாத ஆர்டரைச் சர்வர் நிறுத்திவைக்கும். எல்லோருக்கும் போனது, ஒரு மேசையைத் தவிர. ஆர்டர் மேடத்துக்கு மட்டும் பழைய பதிப்பையே கொடு என்று லாஞ்சரில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.

சும்மா ஓரிரு நாள். கொஞ்சம் முழிக்கட்டும்.

மார்ச் 27

ஸ்டோர்காரர் மாடியேறி வந்து கத்தினார். "உங்ககிட்டேர்ந்து ஒரு ஆர்டர்கூட வரல மேடம்."

"எல்லாம் போட்டேனே."

"டிக் அடிச்சீங்களா?"

"எந்த டிக்?"

பக்கத்து மேசைப் பெண் தன் திரையைத் திருப்பிக் காட்டினாள். மேடம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். என்ன ஏதென்று பார்க்க மேனேஜர் என்னை அனுப்பினார். போவதற்கு முன் அந்த வரியை எடுத்துவிட்டேன். அவர் முன்னாலேயே புரோகிராமை மூடித் திறந்தேன். கட்டம் வந்தது.

"இதோ இருக்கே மேடம்."

"காலையில இது இல்ல தம்பி."

"இருந்திருக்கும். கவனிச்சிருக்க மாட்டீங்க."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். நான் என் இடத்துக்கு வந்து வரியைத் திரும்பச் சேர்த்தேன்.

ஏப்ரல் 2

"மறுபடியும் கட்டத்தக் காணோம்" என்றாராம் மேடம். யாரும் எழுந்துபோய்ப் பார்க்கவில்லை. பழைய வாடிக்கையாளர் ஒருவர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். மேனேஜர் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "வயசாயிடுச்சுன்னா ஒத்துக்கணும் மேடம்."

எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. எழுதத்தான் கை கூசுகிறது. ஆனால் இருந்தது.

ஏப்ரல் 5

மேடம் என் மேசைக்கு வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "யார்கிட்டயும் சொல்லாத தம்பி. எங்கம்மா கடைசியில எங்களையே அடையாளம் தெரியாமப் போனாங்க. அவங்களுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. கண்ணு முன்னால இருக்கறத இல்லேம்பாங்க" என்றார்.

சொல்லியிருக்கலாம். அந்த நிமிடமே. சொன்னால் என் வேலை என்ன ஆகும்?

"கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க மேடம்" என்றேன்.

ஏப்ரல் 8

வரியை எடுத்துவிட்டேன். இனி அவருக்கும் புதிய பதிப்புதான். தானாகச் சரியாகிவிடும்.

ஏப்ரல் 12

சரியாகவில்லை. டிக் அடித்தோமா என்ற சந்தேகத்தில் அதே ஆர்டரைத் திரும்பத் திரும்பப் பதிகிறார். ஒருவருக்கே ஒரே பாகம் மூன்று முறை போயிருக்கிறது. "இங்க கட்டம் இருக்கா, பாரேன்" என்று பக்கத்துப் பெண்ணைக் கூப்பிடுகிறார். முதலில் அவள் எழுந்து வந்தாள். இப்போது உட்கார்ந்த இடத்திலிருந்தே "இருக்கு, இருக்கு" என்கிறாள்.

நான் இப்ப ஒண்ணும் பண்ணலயே. எடுத்துட்டேனே. இன்னும் ஏன் இப்படி?

ஏப்ரல் 19

மேடம் ராஜினாமா. மேனேஜர் சுவர்க்கடிகாரம் ஒன்றைக் கொடுத்தார். "மறக்காம எடுத்துட்டுப் போங்க மேடம்" என்று பின்னாலிருந்து யாரோ சொல்ல, ஒரே சிரிப்பு. அவரும் சிரித்தார். நானும்தான்.

போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். "எல்லாரும் கத்தினாங்க. நீ ஒருத்தன்தான் பொறுமையாக் காட்டிக்கொடுத்தே தம்பி."

வேறு சொல்லே கிடைக்கவில்லையா அவருக்கு?

மே 6

மேடத்தின் கணவர் ஏதோ கையெழுத்துக்காக வந்தார். "அடுப்புப் பக்கம் விடறதில்ல. பேங்க் கார்டை வாங்கி வெச்சுட்டேன். பொண்ணு குழந்தையை இவகிட்டத் தர பயப்படறா" என்று மேனேஜரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். மேடம் கீழே காரில். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மடியிலிருந்த கைப்பையைத் திறந்து பார்த்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

மே 7

ஆர்டர் பிரிவையும் என்னையே பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார் மேனேஜர். மனைவி அவள் அம்மாவுக்கு ஃபோன் போட்டுச் சொன்னாள்.

மே 20

சொல்லிவிடுவது என்று முடிவெடுத்து, மதியம் மொட்டை மாடிக்குப் போய் மேடத்துக்கு ஃபோன் செய்தேன். கணவர்தான் எடுத்தார்.

"அவ ஃபோன் எடுக்கறதில்ல தம்பி. டாக்டர் எல்லா டெஸ்டும் எடுத்துட்டு ஒண்ணுமே இல்லங்கறார். இவதான் கேக்க மாட்டேங்கறா. 'அப்ப இருந்த கட்டம் எனக்கு மட்டும் ஏன் தெரியல, அதுக்கு என்ன சொல்றீங்க'ன்னு அவரையே மடக்கறா. அவரும்தான் என்ன சொல்வார்?"

"என்ன விஷயம், அவகிட்டச் சொல்லணுமா?" என்றார்.

"ஒண்ணுமில்ல சார். எப்படி இருக்காங்கன்னு கேக்கத்தான்."

"ஆபீஸ்லேர்ந்து கேட்டது நீ ஒருத்தன்தான்பா" என்றார்.