துளசியின் வெறும் வாங்கு

என் அருமை மச்சான்,

சுனாமி உன்னைக் கொண்டுபோன இடத்துக்குத் தபால் போகுமோ தெரியாது. இருந்தாலும், ஈரேழு உலகத்திலும் ஒருவரும் நம்பாத கதையொன்றைச் சொல்லப்போகிறேன் என்று வாவியின் மேல் சத்தியம் செய்து தொடங்குகிறேன். சிரிக்காதே.

சண்டை முடிந்துவிட்டது. வவுணதீவுப் பக்கத்து நம் வட்டையில், பல வருசமாய்த் தரிசு கிடந்த வயல்களும் சேர்ந்து விளைந்தன. கதிர் ஒவ்வொன்றும் ஆனைத் தும்பிக்கை! அறுவடை முடிந்து, விடியற்காலையில் வைக்கோலைக் கொளுத்தினோம். அந்தப் புகையைக் கத்தியால் அறுத்துக் கூரை வேயலாம். பனியோடு தரையில் ஊர்ந்து, மணியடிக்கிற நேரம் பார்த்துப் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தது. கரும்பலகையைக் காணோம், டீச்சரைக் காணோம். இருமல் மட்டும் கேட்டது.

நீ கைக்குழந்தையாக விட்டுப்போன துளசி இப்போது முதலாம் வகுப்பு. அவளுக்கு முட்டு, மச்சான். மூச்சிழுக்கும்போது நெஞ்சுக்குழி உள்ளே போகிறது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறேன். வகுப்பில் அவள் உட்காரும் வாங்கு வெறுமையாய்க் கிடக்கிறது. அவள் மட்டுமா? பக்கத்து வாங்கும்தான்.

உன் மனைவி, என் தங்கச்சி, ஒரேயடியாய்ச் சொல்லிவிட்டாள்: "அண்ணன், இனிப் புள்ளயப் பள்ளிக்கு விடமாட்டன். தகப்பனத் தண்ணி கொண்டு போயிற்று. இவளப் புகைக்குக் குடுக்கவா?"

நீ இருந்திருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பாய்?

வயல்காரருக்குத் தலைவரான வட்டை விதானையாரிடம் போனேன்.

"காலம்பொற ஏன் கொளுத்துறம்? பின்னேரம் வெச்சா வாவிக் காத்து புகைய பள்ளிக்கு எதிர்ப்பக்கம் மேக்கால தள்ளிப் போடுமே?"

"உனக்கென்ன பைத்தியமா மனே? பொழுதுபட்டாத் தணல் தெரியும். சுடுவானுகள்."

"ஆரு?"

அவர் சுற்றும்முற்றும் பார்த்தார். இருட்டுக்கு முன் நெருப்பு அவிந்துவிட வேண்டுமென்று சண்டைக்காலம் முழுக்க விடியலில் கொளுத்திப் பழகிய கைகள். சண்டை முடிந்ததை யாரும் அவற்றுக்குச் சொல்லவில்லை.

மறுநாள் பின்னேரம், மாமன்னனைப் போல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என் வயலில் முதல் நெருப்பை வைத்தேன். பொழுதுபட்டும் தணல் சிவந்து கிடந்தது. வரம்பில் நின்ற எல்லோரும் வேட்டுச் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தோம். தவளைகள்தான் கத்தின.

டீச்சர் வீட்டுக்கு வந்தா. "துளசிட பேரக் கூப்பிட்டா மத்தப் புள்ளைகள்தான் பதில் சொல்லுதுகள்" என்றா.

"என்னெண்டு?" தங்கச்சி கேட்டாள்.

"'உயிரோட இரிக்கா டீச்சர்' எண்டு."

சண்டைக்குள் பிறந்த பிள்ளைகளின் அந்த வகுப்பில், வராத பிள்ளையைப் பற்றி முதலில் சொல்லவேண்டிய செய்தி அதுதானாம். தங்கச்சி மறுநாள் காலையில் துளசிக்குத் தலை பின்னிப் பள்ளிக்கு விட்டாள்.

விடியலில் கொளுத்துகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் வரம்பிலெல்லாம் போய் நின்று, பின்னேரம் கொளுத்தச் சொல்வேன். துளசியின் பெயருக்குத் துளசியே பதில் சொல்லுவாள், இது என் வாக்கு. என் கதையை வழக்கம்போல நீ பாதியாகக் குறைத்துக்கொள். அந்தப் பிள்ளைகள் சொன்னதை மட்டும் குறைக்காதே. அது உண்மை.

உன் மகளின் தாய்மாமன்