புல்லு தேஞ்ச தடம்

அன்புள்ள பவித்ராவுக்கு,

நான் நல்லா இருக்கேன். நீயும் ஆத்தாவும் எப்படி இருக்கீங்க? ஆத்தாவுக்கு முட்டிவலி குறைஞ்சுதா? ரெட்டியார்சத்திரம் பக்கம் மழை உண்டா?

இங்க நூறு வருசத்துக்கு மேலா புல்தரையில நடக்குற டென்னிஸ் போட்டி நேத்து முடிஞ்சுது. இதுவரைக்கும் ஜெயிச்சவங்க பேரெல்லாம் சுவத்துல பொறிச்சு வச்சிருக்காங்க. அந்தப் புல்லுக்குத் தண்ணி விடுறதுதான் என் வேலை. ஃபைனலுக்கு முந்தின நாள் செத்த நேரம் குனிஞ்சேன். வெங்காயத்துல களை எடுத்த கை இல்லையா, களைன்னு நெனச்சு தன்னால ஒரு கொத்துப் புல்லைப் பிடுங்கிருச்சு. சூப்பர்வைசர் தலையில கைய வச்சுட்டாரு.

மறுநாள் ஜெயிச்ச பொண்ணு அங்கயே மல்லாக்கப் படுத்து அழுதுச்சு. அது ஓடுன இடத்துல புல்லெல்லாம் தேஞ்சு மண்ணு தெரிஞ்சுது. அதுக்கு நான் பிடுங்குனது எம்மாத்திரம்? பெருசா ஒண்ணுமில்ல. இன்னைக்கு மத்தியானம் ஆபீசுக்கு வரச் சொல்லியிருக்காங்க, அம்புட்டுதான். போன்ல சொன்னா என் குரலை வச்சே கண்டுபிடிச்சிருவ, அதான் எழுதுறேன்.

காலையில இருந்து ஒரு இடத்துல உக்கார முடியல. ரூமுக்குள்ளயே நடந்துக்கிட்டு இருக்கேன்.

இட்லிப் பொடி அனுப்புறப்ப பூண்டு கூடப் போடு. மோட்டார் ரூம் பூட்டுக்கு எண்ணெய் விடு. வீட்டுல இருந்து அங்க நான் நடந்து நடந்து ஒரு தடம் விழுந்து கிடந்துச்சே, அதைப் புல்லு மூடிருச்சா? மூடியிருந்தா, தெனம் நீ ஒருதரம் அதுல நடந்துட்டு வா.

நேரமாச்சு, கெளம்புறேன்.

சுருளிவேல்