பன்னிரண்டு காயில்களும் என் ஒற்றைக் காயிலும்

நண்பா,

இன்று புக்கிட் பாரு வீட்டுக்கு ரேடியோ பழுதுபார்க்க ஒருவர் வந்தார். ஈயம் பற்றவைத்த புகை மூக்கில் ஏறியதுமே, காஜா பெராங்கில் நாம் வாடகைக்கு இருந்த அறையும் சட்டையில்லாமல் குனிந்திருந்த உன் முதுகும் கண்முன் வந்துவிட்டன. "மலாக்காவில் கம்பிக் கணக்கை முதலில் கண்டுபிடித்தவனே நான்தான்" என்றேன் அவரிடம். நீ இருந்தால் சிரித்திருப்பாய்.

வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்த வருஷம். அவர்கள் விட்டுப்போகும் டெலிபோன் டெக்னீஷியன் வேலைக்கு உன்னை நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். வேலை கிடைத்தால்தான் கல்யாணம் என்று பெண் வீட்டார் கறாராகச் சொல்லியிருந்தார்கள்.

காட்டி விளக்க ஒரு பலகை செய்தாய். மைல் கணக்கில் ஓடும் டெலிபோன் கம்பிக்குப் பதிலாகப் பன்னிரண்டு சின்னக் காயில், அதாவது கம்பிச் சுருள், இடையிடையே கண்டென்சர். "கம்பி முழுக்க இந்த ரெண்டோட குணமும்தான் பரவிக் கிடக்குது. துண்டு துண்டா வச்சா உள்ளே ஓடுற மின்சார அலைக்கு வித்தியாசம் தெரியாது" என்றாய்.

எனக்கு அது ஒரே குப்பையாகப் பட்டது. நீ முடிவெட்டப் போன நேரம், துணியில் சுற்றியிருந்த பலகையைப் பிரித்தேன். பன்னிரண்டையும் கழற்றி, அத்தனைக்கும் ஈடாக ஒரே பெரிய காயிலை வைத்துத் திரும்பச் சுற்றிவிட்டேன். மொத்தம் ஒன்றுதானே! ஆறாம் வகுப்போடு நின்றவன் மூளையைப் பார் என்று எனக்கே கர்வம்.

நேர்முகத்தில் துணியைப் பிரித்த நீ, வாசலில் நின்ற என்னை ஒரு கணம் பார்த்தாய். மெதுவான அலைக்கு மீட்டர் முள் துள்ளியது. வேகமான அலைக்குப் படுத்துவிட்டது. நேர்முகம் நடத்திய வெள்ளைக்காரத் துரை நாற்காலியிலிருந்து குதித்து எழுந்தார். சரி, எழவில்லை, புருவத்தைத் தூக்கினார்.

நீ ஆங்கிலத்தில் சொன்னதைப் பிறகு எனக்குத் தமிழில் சொன்னாய்: "இப்படி ஆகும் என்று காட்டத்தான் ஒரே காயிலாக வைத்தேன், சார். வேகம் கூடக்கூட அலை குட்டையாகிவிடும். அப்போது துண்டுகளும் சின்னதாக இருக்க வேண்டும்."

வேலையும் கிடைத்தது, கல்யாணமும் நடந்தது. "டேய், இனிமே என் பலகையைத் தொட்டே, கையை ஒடிச்சிருவேன் லா" என்ற நீயே கோப்பியும் வாங்கித் தந்தாய். அன்றிலிருந்து, என் மூளையால்தான் உனக்கு வேலை என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். நீ ஒருநாளும் மறுக்கவில்லை.

உன் கருமாதியன்று உன் மனைவியிடமும் அதையே ஆரம்பித்தேன்.

"தெரியும் அண்ணே. கல்யாணத்தன்னிக்கே எல்லாம் சொல்லிட்டாரு. 'அவன் பெருமை பேசினா குறுக்கே பேசாதே. அன்னிக்கு வாசல்ல நின்னு அழுதுட்டான்'னாரு."

நான் அழுததை நீ பார்த்தாய் என்பதே எனக்குத் தெரியாது, நண்பா.

கதையை இன்றும் சொல்கிறேன். துரை இப்போது குதித்தே எழுகிறார். ஆனால் நீ என்னைக் காப்பாற்றிய இடம் வந்ததும், கூட்டாமல் குறைக்காமல் நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.